க்ரீமுக்குள் ஒரு காது

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து பொறாமையே படாமல் வாழ்ந்து வருபவர் ஒரே ஒருவர்தான். அவர் துப்பறிவாளர் பருந்து. இது அவரே நேரில் சொன்ன தகவல். ஆகவே வேறு ஆதாரம் தேவையில்லை.

“பொறாமைங்கறது குடல்வால் மாதிரி மாப்ள,” என்றார் பருந்து, கேக் கம்பெனியின் படிக்கட்டில் ஏறிக்கொண்டே. “எல்லாருக்கும் உள்ள இருக்கும். ஒரு உபயோகமும் கிடையாது. எனக்கு அது பொறக்கும்போதே இல்ல. அந்த இடத்துலதான் கூடுதலா கொஞ்சம் மூளை வச்சிருக்கு.”

“அதான் சாப்பிட்ட உடனே உங்களுக்கு யோசனை வருதா மாமா?”

கேட்டவன் வாலு. பருந்தின் மனைவிக்குத் தம்பி, பருந்துக்கு உதவியாளன். அக்கா ஆம்லெட் போட்டால் பெரிய பாதி எப்போதும் தம்பியின் தட்டுக்குத்தான் போகும். இதைப் பருந்து ஒருநாளும் கவனித்தது கிடையாது. இன்று காலை கவனிக்கவில்லை. நேற்றும் கவனிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதில் வெங்காயமும் சேர்த்துப் போட்டிருந்ததைக் கூட அவர் கவனிக்கவில்லை.

படிக்கட்டின் திருப்பத்தில் வழி அடைபட்டிருந்தது. ஆள் உயர ஃப்ரிட்ஜ் ஒன்று சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே குறுக்காக மாட்டிக்கொண்டிருந்தது. தூக்கி வந்த இரண்டு பேரும் அதன் மேல் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கினார்கள்.

“இது எங்க போகுது?” என்று கேட்டான் வாலு.

“மேல. ஏதோ ஒரு மேஜையைத் தூக்கிட்டு அந்த இடத்துல வைக்கணுமாம். இது வளைஞ்சு கொடுத்தா வச்சிடலாம்.”

அந்த மேஜைதான் வழக்கு.

கம்பெனி இணையத்தில் கேக் விற்கிறது. கேக்குக்கு அலங்காரம் செய்ய இரண்டு பெண்கள், இரண்டு மேஜைகள். கேக் வாங்கியவர்கள் சைட்டுக்குள் போய், செய்தவரின் படத்துக்குக் கீழே இருக்கும் ‘பாராட்டு’ பட்டனை அழுத்தி நாலு வரி எழுதலாம். கொஞ்ச காலமாக ஒருவருக்கு மட்டும் பாராட்டே வருவதில்லை. யாருக்குமே பிடிக்காத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்த முதலாளியம்மா, அந்த மேஜை இருந்த இடத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டார். அந்தக் கைக்குச் சொந்தக்காரி, எல்லோராலும் க்ரீம் அக்கா என்று அழைக்கப்படுபவர், பருந்தைத் தேடி வந்து சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “என் கேக் மாறல சார், ஆனா ஊரே மாறிப்போச்சு.”

ஃப்ரிட்ஜ் மாடிக்கு வந்து சேர்வதற்குள் காரணம் தெரிந்தாக வேண்டும். பருந்தும் வாலுவும் அதன் அடியில் குனிந்து புகுந்து மேலே போனார்கள்.

அலங்கார அறையில் வெண்ணெயும் வெனிலாவும் மணத்தன. ஒரு மேஜையில் க்ரீம் அக்கா சுழலும் தட்டின் மேல் குனிந்திருந்தார். கையிலிருந்த கூம்புப் பையை லேசாக அழுத்தித் திருப்ப, நுனியிலிருந்து ஒரு ரோஜா எழுந்து நின்றது. போகப்போகிற மேஜையிலும் அவர் கை நடுங்கவில்லை. அடுத்த மேஜையில் இருந்தவர் செர்ரி. எதைச் செய்தாலும் உச்சியில் ஒரு செர்ரிப் பழத்தை வைத்துவிடுவதால் அந்தப் பெயர்.

பருந்து நேராகச் செர்ரியின் முன்னால் போய் நின்றார். குற்றவாளியைக் கண்டுபிடிக்க அவருக்கு எப்போதும் ஒரு பார்வை போதும். சரியான குற்றவாளியைக் கண்டுபிடிக்கத்தான் அதற்கு மேல் ஆகும்.

“உங்களுக்கு அவங்க மேல பொறாமை,” என்றார்.

“ஆமா,” என்றார் செர்ரி.

இல்லை என்ற பதிலுக்குப் பருந்து மூன்று குறுக்குக் கேள்விகள் தயாராக வைத்திருந்தார். ஆமாவுக்கு ஒன்றும் இல்லை.

“ஆமாவா?”

“வயிறு எரியுது சார். அவ கை பட்டா க்ரீம் ரோஜாவா நிக்குது. என் கை பட்டா முட்டைக்கோஸா உக்காருது. எதுக்கு நான் செர்ரி வைக்கிறேன்னு நினைக்கிறீங்க? முட்டைக்கோஸை மறைக்கத்தான். ஆனா எனக்குப் பொறாமைப்பட மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர் தெரியாது. ஃபோன்ல எழுத்து சின்னதாயிடுச்சுன்னு மூக்குக்கண்ணாடி வாங்கிட்டு வந்தவ நான்.”

“அந்த எழுத்தை விரலாலயே பெருசாக்கலாமே அக்கா,” என்றான் வாலு, செய்தும் காட்டினான்.

செர்ரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். “தம்பி தங்கமான பிள்ளை. இந்தா,” என்று ஒரு கேக் துண்டை நீட்டினார். ஒரே ஒரு துண்டு. பருந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. அதை ஆழமாகப் பார்த்தார்.

அடுத்து கண்ணாடி அறை. உள்ளே சைட்டை எழுதிப் பராமரிக்கும் ப்ரோக்ராமர் இருந்தார். க்ரீம் அக்காவின் கணவர். சவரம் செய்யாத முகம், தூங்காத கண்கள். மனைவியின் வேலை போகப்போகிறதே என்ற கவலை என்று பருந்து மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

“சைட்ல ஏதாவது கோளாறா இருக்குமோ?”

“வாய்ப்பே இல்ல சார்.” ப்ரோக்ராமர் திரையைத் திருப்பினார். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் எறும்பு வரிசையாக மேலே ஏறின. “இதுதான் லாக். சைட்ல என்ன நடந்தாலும் இங்க ஒரு வரி விழும்.”

“ஒவ்வொரு வேலையும் தன் கதையைத் தானே எழுதுமா?” என்றான் வாலு.

ப்ரோக்ராமர் முதன்முறையாக முகம் மலர்ந்து அவன் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். கேள்வி கேட்க வாயைத் திறந்திருந்த பருந்துக்கு இப்போது நாற்காலியின் முதுகுதான் தெரிந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

“எழுதாது. அப்படி விட்டா ப்ரோக்ராம் பூராவும் குறிப்பா நிறைஞ்சு நாறிடும். வேலை நடக்குற இடத்துல ஒரே ஒரு அறிவிப்புதான். ‘பாராட்டு வந்திருக்கு’ன்னு ஒரு பேரைச் சொல்லிக் கூவும். கையில ஒரு விவரப் பொட்டலம் இருக்கும். யாருக்கு வந்தது, யாரு எழுதினாங்க, என்ன எழுதினாங்க. அந்தப் பேருக்குச் சந்தா கட்டி வச்சிருக்கிற சப்ஸ்கிரைபர் அதைக் கேட்டு, தேவையானதை மட்டும் எடுத்து லாக்ல ஒரு வரி எழுதும். கூவுறது ஒருத்தர், எழுதுறது வேற ஒருத்தர்.”

“கூவுறவருக்கு யாரு கேக்குறாங்கன்னு தெரியுமா?”

“தெரியாது. தெரியக் கூடாது. இந்த முறையோட அழகே அதுதான்.”

“எத்தனை பேரு கேக்குறாங்கன்னு?”

“அதுவும் தெரியாது.” இந்தப் பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது.

“கேக்குறவங்க கேட்டு முடிக்கிற வரைக்கும் கூவினவர் நிப்பாரா, இல்ல தன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போயிடுவாரா?”

“நிப்பாரு. எல்லாரும் கேட்டு முடிச்சாதான் அடுத்த வேலை. ஆனா ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆயிடப் போகுது? பாருங்க, எல்லாம் கண் சிமிட்டுற நேரம்தான்.”

வாலு திரையருகே குனிந்தான். “பாராட்டு வந்தது, செர்ரி. பாராட்டு வந்தது, க்ரீம். அட, க்ரீம் அக்காவுக்கும் ஒண்ணு வந்திருக்கே சார்.”

“வரும்,” என்றார் ப்ரோக்ராமர், எலுமிச்சையைக் கடித்தவர் போல. “நிறைய வரும்.”

“வந்ததுன்னுதான் இருக்கு. வாங்கி உள்ள வச்சாச்சுன்னு இல்லையே?”

“சேமிக்கிறது அதுக்கு அடுத்த வேலை. அதுக்குன்னு நான் அறிவிப்பு வைக்கல. வந்தது உள்ள போகாம எங்க போயிடும்?”

படிக்கட்டிலிருந்து ‘இடது பக்கம், இடது பக்கம், என் இடது’ என்று குரல் கேட்டது. ஃப்ரிட்ஜ் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

பருந்து கைகளைத் தட்டினார். “எல்லாரையும் இந்த ரூமுக்குக் கூப்பிடுங்க. முடிச்சு அவிழ்ந்துடுச்சு.”

“எந்த முடிச்சு மாமா?”

“வந்து நின்னு கேளு. கத்துக்குவ.”

கண்ணாடி அறை ஐந்தாறு பேருக்குக் கட்டியது அல்ல. முதலாளியம்மா ப்ரின்டரின் மேல் சாய்ந்தார். செர்ரி கதவில் நின்றார். க்ரீம் அக்கா விரலில் க்ரீமோடு கணவரின் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினார். வாலு மூலையில் தரையில் உட்கார்ந்து ஃபோனைக் கையில் எடுத்தான். முக்கியமான கட்டங்களில் அவன் இப்படித்தான். பெரியவர்கள் பேசும்போது ஃபோனை நோண்டுவான்.

“பொறாமை,” என்று தொடங்கினார் பருந்து. “அந்த ஒரு சொல்லிலிருந்துதான் இந்த வழக்கு முளைச்சிருக்கு. அந்தக் கிருமி எனக்குள்ள இல்லாததால என்னால அதைத் தூரத்திலிருந்தே மோப்பம் பிடிக்க முடியுது. இந்த அறையில ஒருத்தர் அதை ஒத்துக்கிட்டாங்க. பழிக்கு அஞ்சுறவங்க ஒத்துக்க மாட்டாங்க. அப்போ ஒத்துக்கிட்டவங்க யாரு? பழிக்கு அஞ்சாதவங்க.”

“சார், நான் முட்டைக்கோஸ்ன்னுதான் சொன்னேன்,” என்றார் செர்ரி.

‘ம்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ப்ரோக்ராமரின் சட்டைப் பை துடித்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

“பேட்டரி வீக்,” என்றார் அவர். “அப்பப்போ அப்படித்தான் துடிக்கும்.”

பருந்து தொடர்ந்தார். பொறாமையின் வகைகள் ஏழு என்றார். முதல் வகையை விளக்கினார். வாலுவின் கட்டைவிரல் ஃபோனில் ஓடியது. சட்டைப் பை மறுபடி துடித்தது. ப்ரோக்ராமர் அதை மேலிருந்தே கையால் அமுக்கிக்கொண்டார். இரண்டாவது வகையில் வாலு வேறு எதையோ அழுத்தினான். பை அமைதியாக இருந்தது. மூன்றாவது வகையில் அவன் சற்று நீளமாக எழுதினான்.

பை துடித்தது. ப்ரோக்ராமரால் பொறுக்க முடியவில்லை. ஃபோனை எடுத்து மேஜைக்கடியில் வைத்துப் படித்தார். காது மடல் வரை சிவந்தது.

“எவன்டா அது,” என்றார் உரக்க, “க்ரீமாப் பொறந்திருக்கணும்னு ஆசைப்படுறவன்?”

மூன்றாவது வகை பாதியில் நின்றது.

வாலு மூலையிலிருந்து கையைத் தூக்கினான். “நான்தான் சார். ‘உங்கள் கையில் க்ரீமாகப் பிறந்திருக்கலாம், கொடுத்து வைக்கவில்லை’ன்னு அக்காவுக்கு ஒரு பாராட்டு எழுதினேன். ஆனா பாருங்க, அது இன்னும் போய்ச் சேரல. என் ஃபோன்ல சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு. நடுவுல செர்ரி அக்காவுக்கு ஒண்ணு அனுப்பினேன், உடனே நன்றின்னு வந்துடுச்சு, உங்க பையும் துடிக்கல. அக்காவுக்குப் போறது மட்டும் சக்கரத்துல நிக்குது. அதுக்குள்ள உங்க பாக்கெட்டுக்கு எப்படி வந்தது?”

ப்ரோக்ராமர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு கவிழ்க்க எதுவும் இல்லாததால் முகத்தையும் கவிழ்த்தார்.

“இப்ப பாருங்க,” என்று வாலு ஃபோனை எல்லோருக்கும் காட்டினான். சக்கரம் நின்று எழுத்து வந்தது: மன்னிக்கவும், பிறகு முயலுங்கள். “முதல்ல அனுப்பின ரெண்டுக்கும் இதே கதிதான். கேக் சாப்பிட்ட கையோட ஒருத்தர் ஆசையா எழுதுறாரு. இதைப் பார்த்ததும் கையைத் துடைச்சுட்டுப் போயிடுவாரு. அப்புறம் யாரு வந்து முயல்வாரு?”

“எனக்குப் புரியல தம்பி,” என்றார் முதலாளியம்மா. தம்பியைப் பார்த்துத்தான் சொன்னார்.

“கூவுறவரு எல்லாக் காதும் கேட்டு முடிக்கிற வரைக்கும் நிப்பாருன்னு சாரே சொன்னாரு மேடம். லாக் எழுதுற காது சின்னது. கேட்டுச்சா, ஒரு வரி எழுதுச்சா, முடிஞ்சுது. அது பக்கத்துல இன்னொரு காது இருக்கு. அது பெருசு. க்ரீம் அக்கா பேரு வந்தா மட்டும் நிமிரும்.”

“எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டார் க்ரீம் அக்கா. கணவரைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. குரல் அமைதியாக இருந்தது; நாற்காலியின் முதுகில் க்ரீம் விரல்கள் பதிந்தன.

“லாக் எழுதுற சப்ஸ்கிரைபருங்களுக்கு நடுவுல,” என்றார் அவர். “அதே மாதிரி பேரு வச்சு. சைட் எழுந்திரிக்கும்போதே அதுவும் எழுந்து உக்காந்துடும். எதையும் தொடாதும்மா. சத்தியமா. சும்மா கேக்கும். கேட்டு எனக்கு அனுப்பும். வாராவாரம் ஒருத்தரு எழுதுறாரு, உன் விரல் அப்படி, உன் விரல் இப்படின்னு. யாருன்னு தெரிஞ்சுக்கத்தான். அப்புறம் அவரோட பழைய ஆர்டர், ஃபோட்டோ எல்லாம் தேடி எடுக்கவும் வச்சேன். அப்புறம் எழுதுற எல்லாருக்கும் அப்படியே.”

“காது வளர்ந்துக்கிட்டே போச்சு,” என்றான் வாலு. “ஒவ்வொரு பாராட்டும் வாசல்லயே நிக்குது. ரொம்ப நேரம் நின்னா?”

“சைட்டை ஓட்டுற சர்வரே கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடும்.” சொல்லி முடித்த பிறகுதான் ப்ரோக்ராமருக்குத் தான் சொன்னது கேட்டது. நிமிர்ந்தார். “அப்போ ஒண்ணுமே உள்ள போகலையா?”

“நான் தினமும் வீட்டுக்கு வந்து என்ன சொன்னேன்?” என்றார் க்ரீம் அக்கா.

“யாருமே பாராட்டலன்னு அழுத. என் ஃபோன்ல வந்து கொட்டிக்கிட்டே இருந்தது. நீ மறைக்கிறேன்னு நினைச்சேன். பொய் சொல்லி அழுற அளவுக்குப் போயிட்டாளேன்னு. மேஜை ஏன் போகுதுன்னு கூட யோசிக்கல.”

கதவில் நின்ற செர்ரி வாயைப் பொத்திக்கொண்டார். “நான்தான் பெரிய பொறாமைக்காரின்னு நினைச்சேன். இங்க எனக்கு மேல ஒருத்தர் செர்ரி வச்சிருக்காரே.”

“நான் எதிர்பார்த்ததுதான்,” என்றார் பருந்து. யாரும் திரும்பிப் பார்க்காததால் ப்ரோக்ராமரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “தம்பி, நான் எத்தனையோ குற்றவாளிங்களைப் பார்த்திருக்கேன். திருடறவனைக் கூட மன்னிச்சுடுவேன். ஆனா கூட இருக்கிறவங்களுக்கு யாரு கைதட்டுறாங்கன்னு பாக்கெட்டுக்குள்ள ஒரு காதை வச்சுக்கிட்டு, அது துடிக்கும்போதெல்லாம் துடிச்சுக்கிட்டு அலையிறது இருக்கே, அதைவிடக் கேவலமான பொழப்பு ஒரு மனுஷனுக்குக் கிடையாது.”

“உண்மை சார்,” என்றார் ப்ரோக்ராமர்.

“அந்த வாராவாரம் எழுதுறவரு யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?” என்று கேட்டார் க்ரீம் அக்கா.

“ஃபோட்டோவுல முகமே தெரியல. வாயில துணி கட்டியிருக்கு.”

“பல் டாக்டர். அவரோட க்ளினிக்ல வர்றவங்க உக்கார்ற இடத்துல வைக்க வாங்கிட்டுப் போறாரு.”

“கேக்கையா?”

“தொழில் வளரணும்ல.”

யாரும் சிரிக்கவில்லை. வாலு சிரிக்க முயன்று, க்ரீம் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவர் இன்னும் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியும் மற்றவர்களும் இருக்கிறார்களே என்று அதுவரை வாயில் வைத்திருந்த ‘ங்க’ உதிர்ந்து போயிருந்தது.

“ஊரே பாராட்டினதை ஒட்டுக் கேட்டியே. நீ ஒரு தடவையாவது அந்த பட்டனை அழுத்தினியா?”

ப்ரோக்ராமர் ஏதோ சொல்ல வந்தார். கதவுக்கு வெளியே தொம் என்று சத்தம் கேட்டது. ஃப்ரிட்ஜ் மாடிக்கு வந்துவிட்டது. தூக்கி வந்தவர்களில் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

“எங்க வைக்கணும் மேடம்? மேஜையைத் தூக்கிடலாமா?”

முதலாளியம்மா கறுப்புத் திரையில் ஏறிக்கொண்டிருந்த வரிகளைப் பார்த்தார். பாராட்டு வந்தது, க்ரீம். பாராட்டு வந்தது, க்ரீம். உள்ளே போக முடியாமல் வாசலோடு திரும்பியவர்கள் எல்லோரும் வந்தோம் என்ற வரியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர் விரல் வைத்துப் எண்ணிக்கொண்டே போனார்; வரிகள் முடியவில்லை.

“மேஜையைத் தொடாதீங்க,” என்றார். “ஃப்ரிட்ஜை இந்த ரூம்லயே வைங்க. அந்த நாற்காலிக்குப் பின்னாடி. சாருக்குக் கொஞ்சம் குளிரட்டும்.” பிறகு ப்ரோக்ராமரைப் பார்த்து, “அந்தக் காதை இப்பவே அறுத்து எறிங்க. வந்தவங்க எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு இன்னிக்கே எழுதணும். மறுபடியும் உள்ள கூப்பிடணும்,” என்றார்.

கிளம்பும்போது க்ரீம் அக்கா ஒரு சின்ன கேக்கைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். வாலுவின் கையில் கொடுத்தார்.

துப்பறியும் நிலையம் ஒரே அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒன்றுக்கு மட்டும் கை உண்டு. கத்தி கழுவி வருகிறேன் என்று வாலு வெளியே போனான். பருந்து கேக் பெட்டியைத் திறந்தார். வெள்ளைக் க்ரீமில் ரோஜாக்கள் நடுவே அழகான எழுத்து: வாலு தம்பிக்கு.

தன் பெயருக்கு இடமில்லாமல் போயிருக்கும் என்று அவர் நினைத்தார். பெயர் நீளமாக இருந்தால் க்ரீம் போதாது. ஆனால் ‘தம்பிக்கு’ என்பதற்கு அடுத்து இன்னும் மூன்று பருந்துகள் வந்து உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

ஃபோனை எடுத்து நிலையத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தார். வாலு அமைத்துக் கொடுத்த பக்கம். பருந்தின் படத்துக்குக் கீழே, ‘தலைமைத் துப்பறிவாளர்’ என்ற வரிக்குக் கீழே, தூய்மையான வெற்றிடம். உதவியாளர் படத்துக்குக் கீழே முதலாளியம்மா ஒரு பத்தி எழுதியிருந்தார். அதற்குக் கீழே செர்ரி எழுதியிருந்தார், எழுத்தை நன்றாகப் பெரிதாக்கி. ஃப்ரிட்ஜைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் கூட எழுதியிருந்தார்: அந்தத் தம்பி குனிந்து போகும்போது ஃப்ரிட்ஜுக்கு ஒரு கை கொடுத்தது.

பத்திகளுக்குப் பக்கத்தில் மணி போன்ற ஒரு சின்னப் படம் இருந்தது. ‘இவரைப் பற்றி யார் எழுதினாலும் எனக்குத் தெரிவிக்கவும்.’

பருந்து கதவைப் பார்த்தார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பரிசோதனைக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மணியைத் தொட்டார். மணி நிறம் மாறியது. ஃபோனைச் சட்டைப் பையில் போட்டு, கைகளைக் கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வாலு கத்தியோடு வந்தான். ரோஜாக்களைத் தவிர்த்து இரண்டாக வெட்டினான். கொஞ்சம் யோசித்து, பெரிய பாதியை மாமாவின் பக்கம் தள்ளினான்.

‘ம்ர்ர்ர்.’

“மாமா, உங்க பாக்கெட் துடிக்குது.”

“பேட்டரி வீக்,” என்றார் பருந்து.